முப்பத்தேழு மரங்கள் எந்தப் பக்கம்?

கட்டட அனுமதி கொடுக்கிற அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘டவுட்டக்கா’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் ட்ரேசராகச் சேர்ந்தாள். யாரோ போட்ட வரைபடத்தை மெல்லிய தாளில் அப்படியே நகல் எடுக்கிற வேலை. கோட்டின் மேல் கோடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் மாதம் ஓடிவிடும். இவளோ பாதியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், இந்தப் படிக்கட்டு ஏறினால் எங்கே போய் நிற்கும் சார் என்று கேட்பாள். எரிச்சலோடு வாங்கிப் பார்த்தால், படிக்கட்டு நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து தடவை இப்படி ஆனதும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற மேசைக்கு வந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. படியின் அகலம் இவ்வளவு, தீப்பிடித்தால் வெளியேற இத்தனை வழி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் விதி இருந்தது. இருந்தால் டிக், இல்லாவிட்டால் சிவப்பு மை. பத்தொன்பது வருடம் அப்படியே போயிற்று.

அவளிடம் ஒரு குறை உண்டு. திசை வராது. காகிதத்தில் வடக்கு மேலே இருக்கும், அதுவரை சரி. தெருவில் இறங்கிவிட்டால் வடக்காவது தெற்காவது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் கணவருக்கு இது கல்யாணமான வாரமே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கையைத் தூக்கிக் காட்டித்தான் வழி சொல்வார், வாயால் சொல்வதில்லை.

சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தவருக்குப் பதவி உயர்வு வந்தது. காலியான நாற்காலியில் யாரையாவது உட்கார வைக்க வேண்டும். பிரிவு அதிகாரி சுற்றிலும் பார்த்தார். கேள்வி கேட்கிற ஆள் அங்கே இருந்தால் நல்லதுதானே என்று சொல்லி அவளைத் தூக்கிப் போட்டார். பாராட்டினாரா, தலைவலியைத் தள்ளிவிட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

முதல் ஃபைலே பெரியது. ஊருக்கு வெளியே ஒரு வணிக வளாகம். மூன்று மாடிக் கடைகள், அறுநூறு வண்டி நிறுத்த இடம், சுற்றிலும் தோட்டம். கட்டடம் சரிதானா என்று வேறு ஆள் பார்ப்பார். மரம், செடி, மண், மழைத்தண்ணீர், இதெல்லாம் இவள் தலையில். முப்பது நாள் கெடு.

தோட்ட ஷீட்டை மேசையில் விரித்தாள். ஒரே வட்டங்கள். பெரிய வட்டம் மரம், சின்ன வட்டம் செடி, உள்ளே புள்ளி வைத்த வட்டம் ஏற்கெனவே அங்கே நிற்கிற மரம். எண்ணினாள். புதிதாக நடப்போகிற மரங்கள் இருநூற்றுப் பதினாலு வந்தது. மறுபடி எண்ணியபோது இருநூற்றொன்பது. மூன்றாம் தடவை இருநூற்றுப் பதினாறு. பட்டியலில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. படிக்கட்டு என்றால் எண்ணி விடலாம். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கண்ணைக் கட்டின.

நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் நாத்தனார் ஒரு நர்சரியில் செடி விற்கிறவள். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“அண்ணி, இத எண்ணிட்டு இருந்தா தலைதான் சுத்தும். பேரப் படிங்க. இந்த மரம் வளந்தா இருபது அடி விரியும். நடுவுல எட்டடிதான் விட்ருக்காங்க. ஒண்ணோட கழுத்த ஒண்ணு நெரிக்கும்.”

இப்படித்தான் அவளுடைய முதல் ஆட்சேபணை பிறந்தது. எழுதிக்கொண்டாள். கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து சுற்றுச்சூழல் அறிக்கை. நூற்று நாற்பது பக்கம். முப்பத்தோராம் பக்கத்தில், இடத்துக்குள் நீர்நிலை எதுவும் இல்லை என்று இருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில், ஏழு வகை நீர்ப்பறவைகள் காணப்பட்டன என்று இருந்தது. அவள் இரண்டு பக்கத்திலும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்தாள். தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தப் பறவைகளுக்கு என்ன வேலை? வளாகம் கட்டுகிற கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: மேற்படி பறவைகள் பறந்து சென்றபோது காணப்பட்டவை. அதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பெரிய குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. சர்வே ஷீட்டில் நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுகிற லெவல் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகளின்படி நிலம் மெல்ல மெல்லச் சரிந்து வடகிழக்கு மூலையில் தாழ்ந்தது. அந்த மூலையில்தான் புள்ளி வைத்த வட்டங்களும் இருந்தன. முப்பத்தேழு பழைய மரங்கள். அவற்றை வெட்ட மாட்டோம், அப்படியே விட்டுவிடுவோம் என்று கம்பெனி பெருமையாக எழுதியிருந்தது. சரி. ஆனால் வடிகால் ஷீட்டை எடுத்தால், மழைத்தண்ணீர் போகிற அம்புக்குறிகள் எல்லாம் நேர் எதிராகத் தென்மேற்கு மூலைக்குப் பாய்ந்தன. அங்கே வண்டி நிறுத்துமிடத்துக்கு அடியில் பெரிய தொட்டி ஒன்று வரைந்திருந்தது. ஒரு ஷீட்டில் தண்ணீர் கீழே இறங்கியது. இன்னொன்றில் மேலே ஏறியது.

இரண்டு நாள் யோசித்தாள். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, அது நிச்சயம். ஆகவே வடிகால் ஷீட் தப்பு. ஃபைலில் நோட்டு எழுதினாள். பிரிவு அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் கையெழுத்தோடு கடிதம் போயிற்று.

பத்தே நாளில் திருத்திய ஷீட்டுகள் வந்தன. அம்புகள் எல்லாம் திரும்பியிருந்தன. தொட்டி வடகிழக்குக்கு வந்து, பழைய மரங்களுக்கு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. மரங்களின் இடைவெளியும் சரியாகியிருந்தது. ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. பிரிவு அதிகாரி அடுத்த அறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தீர்களா, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் ஃபைல் முடிந்துவிடும்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினாள். தகரம் அடித்த வேலி, கம்பெனிப் பலகை, கேட், கேட்டில் ஒரு வாட்ச்மேன். உள்ளே போய் ஷீட்டை விரித்துப் பிடித்தாள். மெயின் ரோடு காகிதத்தில் கீழே இருக்கிறது, ஆக இப்போது நான் இங்கே நிற்கிறேன் என்று கேட்டின் மேல் விரலை வைத்தாள். வலது கைப் பக்கம், கோடியில் மரங்கள். நிமிர்ந்து பார்த்தாள். வலது கைப் பக்கம், கோடியில் மரங்கள். முள்ளும் கல்லும் மிதித்துக்கொண்டு அதுவரை நடந்துபோய் எண்ணினாள். முப்பத்தேழு. இந்தத் தடவை ஒரே எண்ணிக்கையில் சரியாக வந்தது. தரை அங்கே தாழ்ந்திருந்தது, மண் கால் செருப்பில் அப்பியது. எல்லாம் சரி. டிக் போட்டுக்கொண்டே வந்தாள்.

மணி நாலரை ஆகியிருக்கும். திரும்பிக் கேட்டருகே வந்து கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று நின்றாள். மரங்களுக்கு மேலே சாய்ந்த வெயில் கண்ணைக் குத்தியது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். வைத்த கை அப்படியே நின்றது. ஷீட்டில் மரங்கள் கிழக்கே இருக்கின்றன. சாயங்காலச் சூரியனுக்குக் கிழக்கே என்ன வேலை?

வேறு யாராக இருந்தாலும் ஷீட் தப்பு என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பார்கள். அவளுக்கோ தன்மேல்தான் சந்தேகம் வந்தது. பிறந்ததிலிருந்து திசை தெரியாதவள் நான், வெயில் ஏறிய மண்டையோடு எதையாவது உளறிக்கொட்டப் போகிறேன் என்று பயந்தாள். கணவருக்கு ஃபோன் போட்டாள்.

“ஏங்க, சூரியன் எந்தப் பக்கம் மறையும்?”

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கிற மிஷின் சத்தம் நின்றது. “மேற்கேதான். நேத்து வரைக்கும்” என்றார். பிறகு குரலை இறக்கி, “என்னம்மா, எங்க நிக்கிற நீ? உடம்பு சரியாத்தானே இருக்கு?” என்றார்.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டு வாட்ச்மேனிடம் போனாள். இந்த கேட் மெயின் ரோட்டில்தானே இருக்கிறது என்று கேட்டாள். அவர் சிரித்தார். மெயின் ரோடு அந்தக் கோடியில், தகரத்துக்கு அப்பால். அங்கே இன்னும் வாசல் திறக்கவில்லை. இது பின்பக்கத் தெரு என்றார். மழை பெய்தால் அந்த மரங்களுக்கு அடியில் இரண்டு மூன்று மாதம் தண்ணீர் கட்டி நிற்கும், கொக்கு வரும், தவளை போடுகிற சத்தத்தில் ரேடியோ கேட்காது என்றும் சொன்னார்.

அப்படியானால் அவள் நின்றது காகிதத்தின் மேல் பக்கம். ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். இப்போது முப்பத்தேழு மரங்களும் அவளுக்குப் பக்கத்தில், இடது கை ஓரமாக இருக்க வேண்டும். பார்த்தாள். அங்கே சிமெண்ட் குழாய்கள் அடுக்கிய வெட்டவெளி. ஒரு புதர்கூட இல்லை.

ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தாள். முள் சுற்றிச் சுற்றி வந்தது. ஃபோனை எட்டுப் போடுகிற மாதிரி ஆட்டச் சொன்னது, ஆட்டினாள். தகர வேலியருகே ஒரு வடக்கும், குழாயருகே இன்னொரு வடக்கும் காட்டியது. வாட்ச்மேன் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலை கணவர் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். சூரியன் எங்கே மறைகிறது என்று பார்த்தது போதாது, எங்கே உதிக்கிறது என்றும் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றாள். இருவரும் கேட்டருகே நின்றார்கள். வெட்டவெளிக்கு மேலே, சிமெண்ட் குழாய்களின் வாய்க்குள் வெளிச்சம் புகுந்து வந்தது. கணவர் வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டினார். இது கிழக்கு என்று இந்தத் தடவை வாயாலும் சொன்னார்.

ஆக, நடந்தது இதுதான். முதன்முதலில் நிலத்தை அளந்தவர் கொடுத்த படத்தில் வடக்குக் குறி நேர் எதிராக விழுந்திருந்தது. செவ்வகமான நிலம், இரண்டு பக்கமும் சாலை; திருப்பிப் போட்டாலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான். மெயின் ரோடு தெற்கே என்று தெரியும், அதனால் குறிப்படி தெற்கே விழுந்த சாலைக்கு அந்தப் பெயரை எழுதிவிட்டார்கள். அதை வைத்துத் தோட்டம் போட்டவர்கள் வெட்டவெளியில் மரங்களைக் காப்பாற்றிவிட்டு, நிஜ மரங்கள் நிற்கிற இடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். காகிதத்தில் அந்த இடத்தில் மரமே இல்லை. வெட்டினாலும் மரம் வெட்டியதாகாது. வடிகால் ஷீட் போட்டவர் மட்டும் தானே போய் லெவல் எடுத்திருந்தார். அது ஒன்றுதான் சரியாக இருந்தது. அதைத்தான் அவள் சிவப்பு மையில் தப்பு என்று எழுதித் திருத்த வைத்திருந்தாள்.

பிரிவு அதிகாரியிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போயிற்று. போன கடிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. முன்னால் எழுதியது தப்பு என்று இப்போது எழுத வேண்டும் என்கிறாள்.

“போன தடவையும் இதே மாதிரி உறுதியாத்தானேம்மா சொன்னீங்க?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

போன தடவையும் நிச்சயமாகத்தான் இருந்தது. இந்த நிச்சயத்துக்கும் அந்த நிச்சயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கே விளங்கவில்லை. நேரில் பார்த்தேன் சார் என்று மட்டும் சொன்னாள். அவர் கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். தோட்டத்தை வடிவமைத்த இளம்பெண் ஒருத்தி, வடிகால் ஷீட் போட்ட இன்ஜினியர். டவுட்டக்கா நீளமாகப் பேசவில்லை. சர்வே ஷீட்டை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அவர்கள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படத்தை ஃபோனில் காட்டினாள். எடுத்த நேரத்தைச் சொன்னாள்.

இன்ஜினியர் முதலில் பேசினார். அச்சடிக்கும்போது ஏதாவது புரண்டிருக்கும் என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். “நான் முதல்ல சரியாத்தான் போட்ருந்தேன் மேடம். நீங்கதான் மாத்தச் சொன்னீங்க.”

“ஆமா. நான்தான். தப்புன்னு தெரிஞ்சும் ஏன் மாத்தினீங்க?”

“ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்தா மாத்திடுவோம் மேடம்.”

பத்தொன்பது வருடமாகச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். எத்தனை பேர் இப்படிச் சரியாக இருந்ததைப் பேசாமல் மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள்?

அந்த இளம்பெண் ஷீட்டைவிட்டு நிமிரவே இல்லை. கடைசியில், “நான் இந்த இடத்தப் பாத்ததே இல்ல மேடம். அனுப்பின ஷீட்ட வெச்சுத்தான் போட்டேன்” என்றாள். மேசையைச் சுற்றி இருந்த யாரும் அவளைத் திட்டவில்லை. பிரிவு அதிகாரியும் பார்த்ததில்லை. டவுட்டக்காவே போன வாரம்தான் பார்த்தாள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து போட நாலு மாதம் பிடித்தது. வண்டி நிறுத்துமிடம் வெட்டவெளிக்குப் போயிற்று. தண்ணீர் தானாகவே மரங்களுக்கு அடியில்தான் சேர்கிறது என்பதால் நிலத்தடித் தொட்டியைக் கைவிட்டு, அந்த மூலையை ஆழமில்லாத குளமாகவே விட்டுவிடலாம் என்று அந்த இளம்பெண் சொன்னாள். அதற்குள் அவள் ஆறு தடவை இடத்துக்குப் போய் வந்திருந்தாள். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர வாசல் வேண்டும். அது அந்தப் பக்கம்தான் வர முடியும். இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். முப்பத்தேழில் இருபத்தொன்பது தப்பின. எட்டு மரங்கள் போயின. அந்த எட்டுக்கும் குறி போட்ட ஷீட்டில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் கேட்டபோது, இருபத்தொன்பது நிற்கிறது என்றுதான் சொன்னாள்.

அளந்த ஆள் வேண்டுமென்றே படத்தைத் திருப்பிப் போட்டாரா, கை தவறியதா என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். சில நாள் அவளுக்கு அது சாதாரணக் கவனப்பிசகு என்று தோன்றும். சில நாள், மரம் இல்லாத இடத்தில் மரத்தைக் காட்டினால் யாருக்கு லாபம் என்று யோசிப்பாள்.

ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, சரியான வரைபடத்தைத் தவறென்று குறித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ. இன்னொன்று, தவறான வரைபடத்தைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. இரண்டிலும் பிரிவு அதிகாரியின் கையெழுத்துதான். இதற்கு முதலில் பதில் எழுதுவதா, அதற்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் ஒருநாள் முழுக்கச் சும்மா இருந்தாள். கடைசியில் மெமோவுக்கு, நேரில் பார்க்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்று ஒரே வரியில் பதில் கொடுத்தாள். அதன்பிறகு எந்த ஃபைல் வந்தாலும் இடத்தைப் பார்க்காமல் அவள் பேனாவைத் திறப்பதில்லை. அதனால் அவள் மேசையில் ஃபைல் தேங்குகிறது என்று புகார் உண்டு. உண்மைதான், தேங்குகிறது.

வளாகம் திறந்து முதல் மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. மரமூலைக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருக்கிறவர் எழுதியது. கடைக்கு முன்னால் மரங்களுக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, தவளைச் சத்தம் தாங்கவில்லை, வடிகால் போட்டவர்கள் யார் என்று கேட்டிருந்தார். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர். படியில் ஏறவில்லை, கடைக்குள் வரவில்லை. ஒரு குழந்தை தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நிச்சயமாக இருப்பதுபோல் பட்டது. மழை நின்று பத்து நாளிலும் கொஞ்சமும் குறையாவிட்டால் மீண்டும் எழுதவும், நேரில் வருகிறேன் என்று கீழே சேர்த்து அனுப்பினாள்.

செருப்புக் கடைக்காரர் மறுபடி எழுதவில்லை. தண்ணீர் குறைந்துவிட்டதா, எழுதிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோராம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பார்க்கக் கிளம்பினாள்.